ஓவன் ஹார்ட் மல்லாந்து கிடந்த மூன்று நொடிகள்

ஆறாம் வகுப்பு படிக்கும்போது என்னிடம் மல்யுத்த வீரர்களின் டிரம்ப் கார்டுக் கட்டு ஒன்று இருந்தது. உயரம், எடை, மார்பளவு, புஜம், மோதிய போட்டிகள், வென்ற போட்டிகள் என்று கார்டுக்குக் கார்டு எண்கள். கோவில்பட்டியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து "எடை!" என்று கத்துவோம். பெரிய எண் வைத்திருப்பவன் மற்றவன் கார்டை வாங்கிக்கொள்வான். அண்டர்டேக்கர் கார்டு கையில் இருந்தால் அன்றைக்கு நான்தான் ராஜா.

"எல்லாம் முன்னாலேயே பேசிவைத்துக்கொண்டு செய்வதுடா" என்பார் அப்பா. அவர் சொன்னது உண்மை. யார் ஜெயிக்க வேண்டும் என்பது ரிங்குக்குள் ஏறும் முன்பே முடிவாகிவிடுகிறது. அது தெரிந்த அன்று எனக்கு அழுகை வந்தது. இப்போது பதினைந்து வருடமாக பிசியோதெரபிஸ்ட்டாக வேலை பார்க்கிறேன். படுக்கையிலிருந்து ஒருவரை முதன்முதலாக எழுப்பி நிற்கவைக்கும்போது அவர் பாரம் முழுவதும் என் கையில் இறங்கும். அந்த ஒரு கணத்தில் அவர் என்னை நம்புவதைத் தவிர வேறு வழி கிடையாது. மல்யுத்தத்தில் இது ஒவ்வொரு நிமிடமும் நடக்கிறது, அதுவும் பல்லாயிரம் பேர் முன்னிலையில்.

பேசிவைத்துக்கொண்டால் வலிக்காது என்று நினைப்பவர்கள் ரிங் எதனால் ஆனது என்று பார்க்க வேண்டும். இந்த மல்யுத்தத்தை நடத்தும் அமெரிக்க நிறுவனமான டபிள்யூடபிள்யூஇயின் ரிங் 20 அடிக்கு 20 அடி. இரும்புச் சட்டம், அதன் மேல் மரப்பலகை, அதற்கு மேல் மெல்லிய மெத்தை, கேன்வாஸ் துணி. அவ்வளவுதான். அதில் விழுவதை அவர்கள் 'பம்ப்' என்பார்கள். மோவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, மேல்முதுகு அகலமாகத் தரையில் படும்படி, அதே நொடியில் இரு கைகளாலும் தரையை அறைந்து, மூச்சை வெளியே விட்டு விழ வேண்டும். மோவாய் கொஞ்சம் நிமிர்ந்தால் பின்மண்டை போய் மோதும். புதிதாகச் சேர்பவர்கள் மாதக்கணக்கில் இதைத்தான் பழகுகிறார்கள்.

நான் அதிகம் தடவை பார்த்த ஆட்டம் 1997 மார்ச் 23 அன்று சிகாகோ அருகே ரோஸ்மாண்டில், அந்த நிறுவனம் ஆண்டுதோறும் நடத்தும் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவின் 13ஆவது பதிப்பில் நடந்தது. பிரெட் ஹார்ட்டும் ஸ்டோன் கோல்ட் ஸ்டீவ் ஆஸ்டினும் மோதினார்கள். எதிராளி வாய்விட்டுத் தோல்வியை ஒப்புக்கொண்டால்தான் வெற்றி. நடுவர் கென் ஷாம்ராக். பிரெட் நல்லவர், ஆஸ்டின் கெட்டவர் என்றுதான் ஆட்டம் தொடங்குகிறது. கூட்டத்துக்குள் புகுந்து அடித்துக்கொள்கிறார்கள். ஆஸ்டினின் நெற்றி கிழிகிறது. கடைசியில் பிரெட் தன் ஷார்ப்ஷூட்டர் பிடியைப் போடுகிறார். எதிராளியின் இரண்டு கால்களையும் பின்னிக் கோத்து, அவரைக் குப்புறப் புரட்டி, இடுப்பு மடங்கும்படி மேலே உட்கார்ந்துவிடும் பிடி அது. கேமரா ஆஸ்டின் முகத்தருகே போகிறது. ரத்தம் நெற்றியிலிருந்து வழிந்து, கடித்த பற்களுக்கிடையே இறங்குகிறது. கைகளை ஊன்றி எழுந்து பார்க்கிறார், முடியவில்லை. ஆனால் "விட்டுவிடு" என்று அவர் சொல்லவே இல்லை. அப்படியே மயங்கிச் சாய்கிறார். ஷாம்ராக் ஆட்டத்தை நிறுத்துகிறார்.

அதன் பிறகும் பிரெட் அடிக்கப் போக, கூட்டம் அவரை ஏசுகிறது. ஆஸ்டின் யாருடைய கையையும் பிடிக்காமல் தள்ளாடி வெளியே போகும்போது அரங்கமே அவர் பெயரைச் சொல்லி முழங்குகிறது. ஒரே ஆட்டத்தில் நல்லவர் கெட்டவராகவும் கெட்டவர் நல்லவராகவும் இடம் மாறிவிட்டார்கள். தோற்றவர் பெரிய ஆளாகிவிட்டார். என் கார்டுக் கட்டில் இதற்கு எந்த எண்ணும் இல்லை.

பிரெட் கனடாவின் கால்கரியில் தன் தந்தை ஸ்டூ ஹார்ட் வீட்டின் அடித்தளத்தில் பழகியவர். தன்னோடு மோதிய யாரையும் தான் காயப்படுத்தியதில்லை என்பதைத்தான் தன் பெரிய பெருமையாக அவர் சொல்லிவந்திருக்கிறார். அப்படிப்பட்டவரின் முழுநேர ஆட்டம், 1999 டிசம்பரில் கோல்ட்பர்க் என்ற வீரரின் உதை ஒன்று தலையில் பட்டு ஏற்பட்ட மூளை அதிர்ச்சியோடு முடிந்துபோனது. இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை.

அவருடைய தம்பிதான் ஓவன். 1997 ஆகஸ்ட் 3, சம்மர்ஸ்லாம் என்ற இன்னொரு பெரிய நிகழ்ச்சி. ஆஸ்டினைத் தலைகீழாகத் தூக்கித் தன் தொடைகளுக்கிடையே பிடிக்கிறார் ஓவன். பைல்டிரைவர் என்ற அடி. முழங்காலிட்டு இறங்கினால் தலை தரையைத் தொடாமல் தப்பும். ஓவன் உட்கார்ந்த நிலையில் இறங்கினார். ஆஸ்டினின் தலை ஓவனின் தொடைக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்தது. உடல் பாரம் முழுவதும் கழுத்தில் இறங்கியது. சில கணங்கள் ஆஸ்டினால் கையையும் காலையும் அசைக்க முடியவில்லை.

வேலை நிமித்தமாக இந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். கழுத்தில் அடிபட்டு என்னிடம் வருபவர்களின் முகத்தில் இருக்கும் அதே பயம் ஆஸ்டின் முகத்தில் இருக்கிறது. அந்தக் கழுத்துக்கு அவர் பின்னால் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். 2003இல் ரெஸில்மேனியா 19இல் ராக் என்ற வீரரிடம் தோற்றதோடு முழுநேர ஆட்டத்திலிருந்து விலகினார். ஓவன் அதுவரைகூட இருக்கவில்லை. 1999 மே 23 அன்று கான்சாஸ் சிட்டியில், அரங்கின் கூரையிலிருந்து கம்பியில் இறங்கும் காட்சிக்காக மேலே ஏறியவர் தவறி விழுந்து இறந்தார். வயது 34.

சம்மர்ஸ்லாம் ஆட்டத்தின் கடைசி நிமிடத்தை இப்போதெல்லாம் வேறு மாதிரி பார்க்கிறேன். விபரீதம் நடந்துவிட்டது என்று ஓவனுக்குப் புரிந்துவிடுகிறது. தன் வேடத்தை விடாமல் கூட்டத்தைப் பார்த்துக் கத்துகிறார், சீண்டுகிறார், நேரத்தைக் கடத்துகிறார். கீழே கிடப்பவருக்கு உணர்வு திரும்பட்டும் என்றுதான். பிறகு ஆஸ்டின் தவழ்ந்து வந்து, பின்பக்கமிருந்து ஓவனின் காலைப் பிடித்து இழுக்கிறார். அந்தப் பிடியில் வலு என்று எதுவுமே இல்லை. ஓவன் தானாகவே மல்லாந்து சரிகிறார். தோள்கள் தரையில் பட்டபடி மூன்று எண்ணும்வரை கிடந்தால் தோல்வி. நடுவர் தரையைத் தட்டி எண்ணுகிறார். ஒன்று, இரண்டு, மூன்று. அதுவரை தோளை அசைக்காமல் அப்படியே கிடக்கிறார் ஓவன்.