வாரண்டி முடிஞ்சப்புறம் வாரண்டியில

ஒருவழியா காருக்கு இடது பக்க ஆக்ஸில் (கியர்பாக்ஸ்ல இருந்து முன் சக்கரத்தைச் சுத்த வைக்கற தண்டு) மாத்தியாச்சுங்க. வாரண்டி முடிஞ்ச அடுத்த வாரம். ஆனா வாரண்டியிலயே. எப்படின்னு கேட்டா அதுக்கு எங்க மாமனாரைத்தான் கேக்கணும், அவரு இப்ப பேசற நெலமைல இல்லை, போன்ல பிஸி.

பிரச்சனை என்னன்னா ஸ்டியரிங்கை வலது பக்கம் முழுசா ஒடிச்சு மெதுவா நகந்தா முன்னாடி டக் டக் டக்னு ஒரு சத்தம். நேரா போனா ஒண்ணும் கெடையாது. அஸ்தம்பட்டி ரவுண்டானாவுல கூட வராது. ஸ்கூல் வாசல்ல யூ டர்ன் அடிக்கும்போது மட்டும் கரெக்டா வரும், அதுலயும் தங்கமணியோட (அதான், வீட்டுக்காரியோட) ஃபிரெண்டு யாராவது ஓரமா நின்னா ரெண்டு மடங்கா வரும்.

சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போனா மட்டும் மூச்சு விடாது. வீட்ல ரைம்ஸா கொட்டற கொழந்தை, விருந்தாளி வந்ததும் அம்மா முந்தானைக்குள்ள போயி ஒளிஞ்சுக்குமே, அந்தக் கதை. காரணமும் இருக்குது. சர்வீஸ் சென்டர் இருக்கறது பைபாஸ்ல. அவங்க ட்ரையல்னு சொல்றது கேட்டை விட்டு வெளிய வந்து, நூல் புடிச்ச மாதிரி நேரா ஒரு ஓட்டம், திரும்பி வந்து "அப்நார்மலா எதுவும் இல்ல சார்". ஃபுல்லா ஒடிச்சுப் பாருங்க தம்பின்னா "அந்தளவுக்கு ஒடிக்கவே கூடாது சார்"ங்கறான். அப்ப நான் யூ டர்ன் அடிக்கறதுக்கு தர்மபுரி வரைக்கும் போயிட்டு வரணுமா? ஆனா வெறுங்கையோட அனுப்பவும் மாட்டாங்க. வீல் அலைன்மென்ட், ஏசி டிஸின்ஃபெக்‌ஷன், இன்ஜின் ட்ரெஸ்ஸிங். சத்தத்துக்குப் போனா வாசனைக்கு பில்லு.

இவங்க இப்படி இழுத்தடிக்கறதுக்கு நடுவுல தேதி நெருங்கிருச்சு. 3 வருஷம் இல்லைன்னா 1 லட்சம் கிலோமீட்டர், எது முந்துதோ அது. நம்ம வண்டி சூரமங்கலத்தையும் அஞ்சு ரோட்டையும் தாண்டறதே பெரிய விஷயம், கிலோமீட்டர் பாதி கூட வரலை, காலண்டர் முந்திக்கிச்சு.

அப்பத்தான் மாமா பேரனைப் பாக்க வந்தாரு. ஒங்களுக்குத்தான் தெரியுமே, திருச்செங்கோட்டு ஆளு, ஆயுசுல பாதி போர்வெல் ரிக்கு வண்டியில போனது, ராஜஸ்தான் மணல்ல கெடந்துக்கிட்டு ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் கழட்டின கதையை பொங்கலுக்கு பொங்கல் கேக்கறோம். தெருவுல வண்டியைத் திருப்பினேன், திண்ணையில ஒக்காந்தவரு டம்ளரைக் கீழ வெச்சாரு. "மாப்ளை, சிவி ஜாயிண்ட்டுங்க." ஆக்ஸில் சக்கரத்தோட சேர்ற எடத்துல இருக்கற மூட்டாம்.

அப்படியே முட்டி போட்டு, போன் டார்ச்சை அடிச்சு, சக்கரத்துக்கு உள்பக்கம் விரலை விட்டு எடுத்தாரு. விரல் நுனியில கன்னங்கரேல்னு கிரீஸ். ரிம்முக்கு உள்ள ஒரே கோடா வட்டமா வீசியடிச்சிருந்துச்சு. உள்ள இரும்பு குண்டு இருக்கும், அது ஓடறதுக்கு பள்ளம் இருக்கும், கிரீஸ் வெளிய போயி மண்ணு உள்ள போச்சுன்னா குண்டு பள்ளத்தைத் தின்னுரும், ஒடிக்கும்போது தடுக்கித் தடுக்கி சத்தம் போடும்னு வெளக்கினாரு. வலது பக்கம் ஒடிச்சா சத்தம் வந்தா பெரும்பாலும் இடது ஜாயிண்ட்டாம். அப்பறம் சொன்னதுதான் முக்கியம்: "மேல இருக்கற ரப்பரு கிழியலைங்க மாப்ளை, கிளாம்ப்புதான் லூசு. கிழிஞ்சிருந்தா கல்லு அடிச்சிருச்சு, ரப்பரு ஐட்டம் வாரண்டியில வராதுன்னு கையை விரிச்சிருவானுங்க. கெளம்புங்க."

அங்க போனா அட்வைசர் தம்பி டேப்லெட்ல என்னவோ தட்டி கையெழுத்து போடுங்கறான். மாமா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கிட்டு படிச்சாரு. ஜெனரல் செக்கப். "தம்பி, நாங்க சொன்னதை எழுதுங்க. வலது பக்கம் முழுசா ஒடிச்சா முன் சக்கரத்துல சத்தம். தேதி, கிலோமீட்டர் ரெண்டும் வரோணும்." எழுதற வரைக்கும் சாவியைக் குடுக்கலை.

"ஐயா, சத்தம் எங்களுக்கு கேட்டாத்தான் கம்பெனிக்கு அப்ரூவல் போட முடியும்." "அவ்ளோதானே, ஏறு தம்பி."

ஏறினான் பாவம். மாமா வண்டியை பைபாஸ் பக்கமே விடலை. ஷோரூம் முன்னாடி பெரிய எடம் இருக்குல்ல, அங்க ஒரு குடும்பம் புது வண்டி டெலிவரி எடுத்துக்கிட்டு இருந்துச்சு. செவப்புத் துணி விலக்கியாச்சு, மாலை போட்டாச்சு, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வெச்சாச்சு. அவங்களை நடுவுல வெச்சு மாமா ஸ்டியரிங்கை வலது பக்கம் முழுசா ஒடிச்சு சுத்த ஆரம்பிச்சாரு. ஐயர் மணி டிங் டிங், நம்ம வண்டி டக் டக் டக். ஒரு சுத்து. ரெண்டு சுத்து. ஜன்னல் கண்ணாடி நாலையும் எறக்கி விட்டுட்டாரு வேற. அந்தக் குடும்பத்துப் பாட்டி, "ஏனுங்க, இது நாம வாங்கற அதே வண்டிதானுங்களா?"ன்னு சத்தமா கேட்டுச்சு பாருங்க, உள்ள ஏசியில இருந்த மேனேஜர் செருப்பில்லாம ஓடி வர்றாரு. (பூஜைக்காக கழட்டினதுதான், இருந்தாலும்.)

அன்னைக்கு சாயங்காலமே லிஃப்ட்ல தூக்கி போட்டோ எடுத்து அப்ரூவல் போட்டாங்க. பார்ட்ஸ் வர்றதுக்குள்ள வாரண்டி தேதி போயிருச்சு. கேஷியர் லேசா இழுத்துப் பாத்தாரு. அன்னைக்கு மாமா எழுத வெச்ச கம்ப்ளெயின்ட் சீட்டை, அதான் ஜாப் கார்டைக் காமிச்சதும் "கம்ப்ளெயின்ட் பதிஞ்ச தேதிதான் சார் கணக்கு"ன்னு அவரே சொல்லிட்டாரு, என்னமோ நமக்கு சலுகை காட்டற மாதிரி. அப்பவும் கியர் ஆயிலுக்கு ஒரு பில்லு நீட்டினாங்க. ஆக்ஸிலை உருவினா ஆயில் ஊத்தத்தானேய்யா செய்யும், உருவ வெச்சது யாருன்னு மாமா கேட்டதுக்கு பதில் இல்லை, பில்லு மட்டும் இருந்துச்சு. கட்டினேன், வயிறு இன்னும் எரியுது.

பழைய ஆக்ஸிலை மாமா கேட்டாரு. கம்பெனிக்குத் திருப்பி அனுப்பணுமாம், தர மாட்டாங்களாம். ஆனா உள்ள வேலை பாத்த மெக்கானிக் பையன் மல்லசமுத்திரமாம், பேச்சுல கண்டுபுடிச்சுட்டாரு. அவன் கூப்புட்டுட்டுப் போயி காமிச்சான். ரெண்டு பேரும் குத்த வெச்சு ஒக்காந்து, அந்த ஜாயிண்ட்டைத் தொடைச்சு, மாமா கட்டைவெரலை பள்ளத்துல ஓட்டி ஓட்டிப் பாக்கறாரு, "இங்க பாரு, தின்னிருக்குது". வெளிய நான் ஒரு மணி நேரம் அவங்க வெச்ச ஓசிக் காப்பியைக் குடிச்சுக்கிட்டு நின்னேன். வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் அவரு பேசவே இல்லை, பாட்டு மட்டும் முணுமுணுத்துக்கிட்டு வந்தாரு.

இன்னைக்கு காலைல அட்வைசர் தம்பி மெசேஜ்: சார் ஃபீட்பேக் கால் வரும், 10க்கு 10 குடுங்க, 9 குடுத்தாலும் எனக்கு திட்டு விழும். கால் வந்தப்ப நான் குளிச்சுக்கிட்டு இருந்தேன், மாமா எடுத்துட்டாரு. தலை தொவட்டிக்கிட்டு வர்றேன், காதுல விழுது.

"அந்தத் தம்பிக்கு பத்து போட்டுக்கம்மா, சின்னப் பையன். ஆயிலுக்கு காசு வாங்கினவருக்கு ரெண்டு. ஏம்மா, எல்லாத்துக்கும் சேத்து ஒரே மார்க்கா? அப்ப மல்லசமுத்திரத்துப் பையனுக்கு எங்க போடுவ? எடம் இல்லையா? சரி, பேனா எடுத்துக்க, நான் சொல்லச் சொல்ல எழுது. மொதல்ல சிவி ஜாயிண்ட்டுன்னா என்னன்னு தெரியுமா ஒனக்கு?"