எங்கள் காருக்கு ஊதா நிறத்தில் இரத்தம் ஓடிய ஞாயிற்றுக்கிழமை

"தம்பி, உங்கட காருக்கு வியர்க்குரு போட்டிருக்குது" என்று மாமா சொன்னபோது நான் சிரித்திருக்கக் கூடாது. கல்யாண வீடொன்றுக்குப் புறப்பட்டு, பட்டு வேட்டியும் சால்வையுமாகப் படியிறங்கி வந்தவர், முன்னிருக்கைக் கதவைத் திறப்பதற்கு முன்னர், ஓய்வுபெற்ற கணக்காய்வாளருக்கே உரிய பழக்கத்தில் கதவின் மேல் ஆட்காட்டி விரலை ஓட்டிப் பார்த்து வழங்கிய தீர்ப்பு அது. வாரம் தவறாமல் சவர்க்காரம் போட்டுக் கழுவி, துவாயால் ஒற்றித் துடைத்துப் பராமரித்த வெள்ளைக் காரைப் பற்றி இப்படியொரு குற்றச்சாட்டா என்று எனக்கு ரோசம் வந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்த இலங்கையில், கார் துடைப்பது பொழுதுபோக்கு அல்ல. குடும்பச் சொத்தைக் காப்பது.

அன்றிரவு, யாரும் பார்க்காத நேரத்தில், கையில் சொப்பிங் பை ஒன்றை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு, மெல்லிய பொலித்தீனுக்குள் இருக்கும் விரலுக்குப் பல மடங்காகத் தெரியும் என்று எங்கோ படித்திருந்தேன். பொனட்டில் கையை ஓட்டினேன், மணற்கடதாசி. கூரை, பரவாயில்லை. இடப்பக்கக் கதவுகளைத் தொட்டதும் மாமாவிடம் மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டேன். கைபேசி வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தால், கடுகை விடவும் மிகச் சிறிய மண்ணிறப் புள்ளிகள் ஆயிரக்கணக்கில் கிடந்தன.

எங்கள் தொடர்மாடி வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடைப்பட்ட ஒழுங்கையொன்றில் இருக்கிறது. தரிப்பிடத்தில் எங்கள் காரின் இடப்பக்கம் கடலைப் பார்த்தபடி நிற்கும். கடலுக்கும் மரைன் டிரைவுக்கும் நடுவே கரையோரப் புகையிரதப் பாதை செல்கிறது என்பதைக் கொழும்புக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால், சக்கரமும் தண்டவாளமும் பிரேக்கும் ஒன்றோடொன்று உரசும்போதெல்லாம் சூடான இரும்புத் துகள்கள் பறந்து வந்து காரின் மேற்பூச்சில் பதிந்துவிடும் என்பதும், உப்புக் காற்றில் அவை அங்கேயே இருந்து துருப்பிடிக்கும் என்பதும், எந்தச் சவர்க்காரத்துக்கும் அசையா என்பதும் எனக்கே அப்போதுதான் தெரியவந்தன. காலி வீதிப் பேருந்துகளும் பிரேக் போடும்போது தங்கள் பங்கை அனுப்பி வைக்கின்றன. கடல் காட்சி உண்டு என்று சொல்லி வீட்டை விற்றவர் இந்த இலவச இணைப்பைப் பற்றி மூச்சு விடவில்லை.

வைத்தியம் சொல்ல ஊரே வந்தது. மூன்றாம் மாடி அங்கிள் மண்ணெண்ணெய் என்றார். அது தாரைக் கரைக்குமே தவிர இரும்பை என்ன செய்யும்? அலுவலக நண்பர் பற்பசை என்றார். மாமியோ, குத்துவிளக்கை மினுக்குவது போலப் பழப்புளி போட்டுத் தேய்த்தால் ஒரே நாளில் பளிச்சென்று ஆகிவிடும் என்றார். அவருடைய இரசாயன அறிவில் பெரிய பிழை இல்லை. புளியின் அமிலம் துருவைக் கரைக்கத்தான் செய்யும், ஆனால் வெயிலில் காய்ந்தால் பூச்சையும் பதம் பார்த்துவிடும். நான் வழமையாகப் போகும் சேர்விஸ் ஸ்டேஷனில் இருந்தவர் காரைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "கட் பண்ணிப் பொலிஷ் போடுவம் சேர், புதுசு மாதிரி வரும்" என்றார். அதாவது, மேற்பூச்சை மெஷினால் கொஞ்சம் தேய்த்தெடுத்து மினுக்குவது. பெயிண்டின் மேல் இருக்கும் நிறமற்ற காப்புப் பூச்சின் தடிப்பு பெரும்பாலான கார்களில் ஏறக்குறைய 50 மைக்ரோன்தான். தலைமயிர் ஒன்றின் தடிப்பை விடவும் குறைவு. புள்ளிகளை எடுக்காமல் அதன் மேல் மெஷினை ஓட்டினால், பிடுங்கப்பட்ட இரும்புத் துகளே மெஷினின் பஞ்சில் ஒட்டிக்கொண்டு காரைச் சுற்றிச் சுற்றிக் கீறும். நான் நன்றி சொல்லித் திரும்பிவிட்டேன்.

கடைசியில் கனடாவில் இருக்கும் மச்சானே கைகொடுத்தார். விடுமுறைக்கு வந்தவர் இரண்டு பொருள்களைக் கொண்டுவந்தார்: இரும்புத் துகளைக் கரைக்கும் திரவப் போத்தல் ஒன்று, பதிந்த துகள்களைப் பிடுங்கி எடுக்க, சவர்க்காரக் கட்டி அளவில் நீல நிறக் களி ஒன்று. யப்பானியர் ஒருவர் உருவாக்கி, 1990களில் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற பொருளாம் இந்தக் களி. பார்ப்பதற்குப் பிள்ளைகள் விளையாடும் களியைப் போலவே இருந்தது. இந்த ஒற்றுமையின் விளைவு பின்னால் வரும்.

ஞாயிறு காலை ஆறரை மணிக்கு, வெயில் ஏறுவதற்கு முன்னர், காரைக் கழுவிவிட்டு, மூக்கைத் துவாயால் கட்டிக்கொண்டு இடப்பக்கக் கதவுகளில் திரவத்தை விசிறினேன். கூமுட்டையை உடைத்தது போன்ற நாற்றம் எழுந்தது. அதிலுள்ள தயோகிளைகோலேட், சலூன்களில் முடியைச் சுருட்டும் திரவத்திலும் இருக்கும் சாமான்தான். ஆகவே கூமுட்டைக்குள் ஒரு சலூன் திறந்தது போல இருந்தது என்பதே சரியான வருணனை. முதலில் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நிமிடம் கழிந்ததும், வெள்ளைக் கதவில் ஒவ்வொரு புள்ளியும் ஊதாவாக மாறி, கண்ணீர் போல உருண்டு, சிவப்பும் ஊதாவும் கலந்த தாரைகளாகக் கதவு முழுவதும் வழிந்து தரையில் ஓடியது. இரும்பு கரைகிறது என்பதற்கு அதுவே அடையாளம். நான் பரவசத்தில் நின்றேன்.

அந்த நேரம் பார்த்துக் காவலாளி ஐயா தேநீர்க் குவளையோடு வந்தார்.

"மஹத்தயா, லே! லே!" என்று அவர் அலறியதில் குவளை விழுந்தது. சிங்களத்தில் இரத்தத்தைக் குறிக்கும் அந்த ஓரெழுத்துச் சொல், விடிகாலை அமைதியில் நான்கு மாடிகளுக்கும் கேட்டது. சன்னல்கள் திறந்தன. இரவு யாரை மோதிவிட்டு வந்து கழுவுகிறீர்கள் என்ற கேள்வி அவருடைய முகத்தில் எழுதியிருந்தது. இரத்தமில்லை, இரும்பு என்று விளக்குவதற்காக "லே நெமெய், யகட" என்று சொன்னேன், சொன்னதாகத்தான் நினைத்தேன். துவாய் மூடிய வாயிலிருந்து இறுதி எழுத்து வெளியே வரவில்லை போலும். அவருக்குக் கேட்டது "யகா". இரும்புக்கும் பேய்க்கும் இடையில் ஓரெழுத்துத்தான் வித்தியாசம் என்பதை அன்றைக்குத்தான் நான் கவனித்தேன். காரிலிருந்து வழிவது இரத்தமல்ல, பேய் என்று வீட்டுக்காரரே ஒப்புக்கொண்ட பின்னர் ஒரு காவலாளி என்ன செய்வார்? இரண்டு வாளித் தண்ணீரை அள்ளிக் கதவின் மேல் வீசினார். இன்னும் சில நிமிடம் ஊற வேண்டிய திரவம் இரண்டாவது நிமிடத்திலேயே வடிகானுக்குப் போய்ச் சேர்ந்தது.

சத்தம் கேட்டு இறங்கிவந்த மாமி, நடந்ததை விசாரிக்காமலே நாவூறு என்று முடிவுகட்டி, நான்கு தேசிக்காய்களைக் கொண்டுவந்து நான்கு டயருக்கும் முன்னால் வைத்தார். காவலாளி ஐயா தலையசைத்து அங்கீகரித்தார். பாஷை தெரியாத இருவரும் இதில் மட்டும் முழுமையாக உடன்பட்டார்கள்.

கூட்டம் இடப்பக்கத்தைச் சூழ்ந்து நின்றதால், களி வேலையைப் பொனட்டில் தொடங்கி வலப்பக்கமாகக் கொண்டுபோனேன். இது அமைதியான வேலை. சவர்க்காரத் தண்ணீரைத் தாராளமாக விசிறி, களியைத் தட்டையாக்கி, அழுத்தாமல் நேர்கோட்டில் ஓட்டவேண்டும். தண்ணீர் போதாவிட்டால் களியே கீறிவிடும். தொடக்கத்தில் கரகரவென்று கேட்கும் சத்தம் மெல்ல மெல்ல ஓய்ந்து, களி வெண்ணெயில் வழுக்குவது போல வழுக்கும் அந்தக் கணத்தை அனுபவித்தவர்களுக்கே அதன் சுகம் புரியும். திருப்பிப் பார்த்தால் நீலக் களியில் மண்ணிறக் கறை. அதை உள்ளே மடித்துப் புதிய முகத்தை வெளியே எடுக்கவேண்டும். வலப்பக்கப் பின்கதவை முடித்தபோது கை வழுக்கிக் களி தரையில் விழுந்தது. விழுந்த களியில் மணல் ஏறிவிடும். அதை எடுத்துத் தேய்ப்பதும் மணற்கடதாசியால் தேய்ப்பதும் ஒன்றுதான். கவலையில்லை, கட்டியில் பாதியை முன்யோசனையோடு வீட்டில் வெட்டி வைத்திருந்தேன்.

மேலே போய்ப் பார்த்தால், அந்தப் பாதி யானையாகியிருந்தது. ஈர்க்குக் கால்கள், கடுகுக் கண்கள், முதுகில் சீனி தூவிய அம்பாரி. மகள் அதற்குப் பெயரும் வைத்துவிட்டாள். சீனியைக் கழுவிவிட்டால் பாவிக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன்; அவளுடைய உதடு துடித்த விதத்தைக் கண்டு யோசனையைக் கைவிட்டேன். அதற்குள் வெயிலும் ஏறிவிட்டது. களி ஓடிய பகுதிகளில் காப்பாக இருந்த பழைய மெழுகும் போயிருக்கும் என்பதால், அங்கு மட்டும் புது மெழுகு பூசி முடித்தேன். வலப்பக்கம் கண்ணாடி, இடப்பக்கம் கருவாடு.

வெள்ளிக்கிழமை மாலை மாமாவைக் கோயிலுக்கு அழைத்துப் போகவேண்டியிருந்தது. அவர் படியிறங்கும்போது முதலில் கண்ணில் படுவது வலப்பக்கமாக இருக்கவேண்டும் என்று, தேசிக்காய்களை நசுக்கிக்கொண்டு காரை முன்பின்னாக மூன்று தடவை எடுத்துத் திருப்பி நிறுத்தினேன். திட்டம் பலித்தது, அவர் நின்று பார்த்தார், பொனட்டில் தன் முகத்தைக் கண்டு மீசையைக்கூடத் தடவிக்கொண்டார். "இப்பதான் காரா இருக்கு" என்றார். நான் வலப்பக்கக் கதவைத் திறந்து சாரதி இருக்கையில் பெருமையோடு உட்கார்ந்தேன். மாமா தனது முன்னிருக்கையில் ஏறுவதற்காகக் காரைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் போனார். கதவு உடனே திறக்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே அவருடைய ஆட்காட்டி விரல் மட்டும் மெதுவாகக் கதவில் இறங்குவது தெரிந்தது.