பெரைரா, பெரேரா, பெரி: ஒரு குடும்பப்பெயரைத் துரத்தும் வேலை, இதுவரை

போர்த்துக்கீசியக் குடும்பப்பெயர் ஒன்று எங்கே முளைத்தது, இன்று எங்கெல்லாம் இருக்கிறது என்று வரைபடம் போடும் வேலைக்கு எடுத்துக்கொண்ட பெயர் பெரைரா. தூத்துக்குடியையும் நீர்கொழும்பையும் அறிந்தவர்கள் பெர்னாண்டோவைத்தான் முதலில் சொல்வார்கள். ஆனால் பெர்னாண்டோ ஆளின் சொந்தப் பெயராகவும் வரும். ஸ்பெயின், இத்தாலி, பிலிப்பைன்ஸ் என எல்லா இடத்திலும் கலந்து கிடப்பதால் பிரித்தெடுப்பதற்குள் பாதி வேலை போய்விடும். பெரைரா அநேகமாகக் குடும்பப்பெயராக மட்டுமே வரும். ஆரம்பிக்க அது வசதி. மற்றபடி இதுவும் லேசான பெயர் இல்லை.

முதல் வேலை, வடிவங்களைப் பட்டியலிடுவது. வரைபடத் தளத்தைத் திறந்து பெயரைத் தட்டச்சு செய்வதெல்லாம் அதற்குப் பிறகுதான். போர்ச்சுகலிலும், அதற்கு வடக்கே ஸ்பெயினின் மூலையில் இருக்கும் கலீசியாவிலும் பெரைரா. பழைய எழுத்துமுறையில் ‘ஐ’ வரும் இடத்தில் ‘ஒய்’ போட்டு எழுதுவார்கள். அர்ஜென்டினாவில் அந்த வடிவம் இன்றும் உயிரோடு இருக்கிறது. இலங்கையில் பெரேரா. பிரான்சில் பெரேர். அமெரிக்காவில் பெரி. இவற்றுக்குப் பக்கத்திலேயே ‘இவை அல்ல’ என்று இன்னொரு பட்டியலும் வேண்டும்: பெரேஸ், பீரிஸ், பீரிஸின் எழுத்து வேறுபாடுகள், ஃபெரைரா. இலங்கையின் பீரிஸ், பேரோ என்ற ஆளின் மகன் என்ற பொருளில் வந்த பெரேஸ், பீரேஸ் வழிப் பெயர். பெரேராவோடு அதற்கு உறவே இல்லை. கொழும்பிலேயே பலர் இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் இந்த இரண்டாம் பட்டியலைத் தவிர்க்க முடியாது.

ஆங்கில ஆவணங்களில் தேட சவுண்டெக்ஸ் குறியீடு கைகொடுக்கும், ஓரளவுக்கு. முதல் எழுத்தை வைத்துக்கொண்டு மெய்யெழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறை அது. பெரைரா, பெரேரா, ஒய் போட்ட வடிவம், பிரெஞ்சு வடிவம் நான்குக்கும் பி-660 என்று ஒரே குறியீடு விழும். பீரிஸும் பெரேஸும் பி-620 என்று தாமாகவே ஒதுங்கிவிடும். இதுவரை நல்லது. ஆனால் பெரிக்கு பி-600 விழுகிறது, ஏனென்றால் அடுத்தடுத்து வரும் இரண்டு ‘ஆர்’ ஒன்றாகவே எண்ணப்படும். ஆகவே அமெரிக்கக் கிளை முழுவதும் இந்தத் தேடலில் சிக்காது. அதைத் தனியாகத் தேட வேண்டும். ஃபெரைரா எஃப்-660 என்று விலகி நின்றாலும், கையெழுத்து ஏட்டை அச்சுக்கு எடுத்தவர் பெரிய ‘எஃப்’பை ‘பி’யாகப் படித்திருந்தால் நம் வலையில் வந்து விழும். சந்தேகம் வந்தால் மூல ஏட்டின் படத்தைத் திறந்து, அதே பக்கத்தில் அதே எழுத்தர் பிரான்சிஸ்கோவை எப்படி எழுதியிருக்கிறார், பேத்ரோவை எப்படி எழுதியிருக்கிறார் என்று ஒப்பிட்டால் தீர்ந்துவிடும்.

தமிழ் எழுத்தில் இந்தச் சிக்கல் இன்னும் மோசம். ஆய்தம் சேர்த்து எழுதாத பழைய அச்சில் ஃபெரைராவும் பெரைராவாகத்தான் நிற்கும். தமிழ்ப் பதிவை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது. அதே குடும்பத்தின் ஆங்கிலச் சான்றிதழோ பங்குக் கோயிலின் லத்தீன் பதிவோ கிடைத்தால்தான் எண்ணிக்கையில் சேர்க்கலாம்.

மூலத்தைப் பொறுத்தவரை பெரிய மர்மம் எதுவும் இல்லை. பெரைரா என்றால் பேரிமரம். வடக்குப் போர்ச்சுகலிலும் கலீசியாவிலும் அந்தப் பெயரில் ஊர்கள் பல இருக்கின்றன; ஊர்ப்பெயர் ஆட்பெயரோடு ஒட்டிக்கொண்டது. ஊர்கள் பல என்பதால் மூலக் குடும்பமும் ஒன்றல்ல. இதை மறந்துவிட்டு எல்லாப் பெரைராக்களையும் ஒரே பிரபு வம்சத்தில் கொண்டுபோய் ஒட்டுவது இந்தப் பொழுதுபோக்கில் வாடிக்கையான தவறு. பிரபு வம்சம் ஒன்று இருந்தது உண்மைதான். 14ஆம் நூற்றாண்டில் வடக்குப் போர்ச்சுகலின் பிராகா நகரப் பேராயராக இருந்த கொன்சாலோ பெரைரா, அவருடைய பேரன் நூனோ ஆல்வாரெஸ் பெரைரா (1360–1431) எல்லாம் அந்த வழி. 1385 ஆகஸ்ட் 14இல் அல்ஜுபரோட்டாவில் காஸ்டீலியப் படையை முறியடித்த தளபதி நூனோ; 2009இல் புனிதர் பட்டமும் பெற்றார். இணையத்தில் விற்கும் ‘பெரைரா குடும்பச் சின்னம்’ இந்த வம்சத்தின் சிலுவைச் சின்னம்தான். மலாக்கா மீனவர் குடும்பத்துக்கும் கொழும்புத் தச்சர் குடும்பத்துக்கும் அதே சின்னத்தைச் சட்டம் போட்டு விற்கிறார்கள். வாங்க வேண்டாம்.

இதே இடத்தில் இன்னொரு கதையையும் முடித்துவிடலாம். மரப்பெயர் வைத்திருப்பவர்கள் எல்லாரும், அதாவது பெரைரா, ஒலிவைரா, கார்வாலோ போன்றவர்கள், கட்டாய மதமாற்றத்துக்கு ஆளான யூதர்களின் வழியினர் என்று பிரேசிலிலும் வட அமெரிக்காவிலும் பரவலாகச் சொல்லப்படுகிறது. ஆண்டுகளை வரிசையில் வைத்தால் கதை நிற்காது. போர்ச்சுகலில் கட்டாய மதமாற்றம் நடந்தது 1497இல். பெரைரா பேராயராக இருந்தது அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்னால். மதம் மாறியவர்கள் அப்போது நாட்டில் புழங்கிய பெயர்களையே எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் பெரைராவும் ஒன்று. யூதப் பெரைராக்கள் உண்டு, சந்தேகமே இல்லை: காது கேளாதோருக்குப் பேசக் கற்றுக்கொடுத்த ஜாக்கோப் ரொட்ரிகஸ் பெரைரா (1715–1780), 1852இல் கிரெடி மொபிலியே வங்கியைத் தொடங்கிய அவருடைய பேரன்கள் எமில், இசாக் பெரேர். பாரிஸில் அவர்கள் பெயரில் பெருவீதியும் மெட்ரோ நிலையமும் இருக்கின்றன. ஆனால் யூதப் பெரைராக்கள் இருந்தார்கள் என்பதிலிருந்து பெரைராக்கள் யூதர்கள் என்று தாவ முடியாது. 2015இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் செஃபார்டி (அந்த மண்ணைச் சேர்ந்த பழைய யூதர்) வழியினருக்குக் குடியுரிமை வழங்கச் சட்டம் கொண்டுவந்தபோது குடும்பப்பெயர்ப் பட்டியல்கள் வாட்ஸ்அப்பில் பறந்தன. பெயர் ஒன்றே போதும் என்று நம்பி விண்ணப்பிக்கப் போனவர்களுக்கு வம்சாவளிச் சான்று தேவை என்பது பிறகுதான் தெரிந்தது.

எண்ணிக்கைக்கு வருவோம். இங்கே எல்லாரும் சறுக்கும் இடம், ஒவ்வொரு நாடும் வெவ்வேறு விதமாக எண்ணுகிறது என்பது. போர்த்துக்கீசிய வழக்கில் தாயின் பெயர் முன்னாலும் தந்தையின் பெயர் கடைசியிலும் வரும். ஸ்பானிய வழக்கில் தந்தையின் பெயர் முதலில், தாயின் பெயர் அடுத்து. ஸ்பெயினின் புள்ளியியல் நிறுவனம் முதல் பெயராக எத்தனை பேர், இரண்டாம் பெயராக எத்தனை பேர், இரண்டிலும் எத்தனை பேர் என்று மூன்று எண்கள் தரும். பெயரைச் சுமக்கும் மொத்த ஆட்கள் வேண்டுமானால் முதல் இரண்டையும் கூட்டி மூன்றாவதைக் கழிக்க வேண்டும். பிரேசிலின் 2022 கணக்கெடுப்பு ஒருவருக்கு இருக்கும் எல்லாக் குடும்பப்பெயர்களையும் எண்ணுகிறது. அதில் சில்வா மட்டும் சுமார் 3 கோடியே 40 லட்சம். பெரைரா 68 லட்சத்துக்கு மேல், ஐந்தாம் இடம். அமெரிக்கக் கணக்கெடுப்பு கடைசிப் பெயரை மட்டும் எடுக்கிறது, அதுவும் 100 பேருக்குக் குறையாமல் உள்ள பெயர்களை மட்டும் வெளியிடுகிறது. 2010 பட்டியலில் அப்படி 1,62,253 பெயர்கள். இந்த மூன்றையும் அட்டவணையின் ஒரே பத்தியில் போட்டு வண்ணம் தீட்டினால் பிரேசில் தேவைக்கு மேல் கருத்துத் தெரியும், அமெரிக்கா வெளுத்துவிடும். ஸ்பெயினையும் அமெரிக்காவையும் ஒப்பிட முதல் பெயர் எண்ணிக்கை மட்டும் போதும். பிரேசிலுக்குத் தனி நிறமும் ஓர் அடிக்குறிப்பும் கொடுத்துத் தனியே நிறுத்தியாயிற்று.

மொத்த எண்ணை வண்ணமாக்குவதும் வீண். ஜனத்தொகை அதிகமான இடமெல்லாம் கருப்பாகும், அவ்வளவுதான். லட்சம் பேருக்கு எத்தனை என்று மாற்ற வேண்டும். பிரேசிலின் 20 கோடியே 30 லட்சத்தில் 68 லட்சத்துச் சொச்சம் என்றால் லட்சத்துக்கு ஏறத்தாழ 3,400. ஸ்பெயினில் இதை மாகாண வாரியாகச் செய்யும்போதுதான் பலன் தெரியும்: பெரைரா கலீசியாவில் குவிந்து நிற்கும்.

அதே ஸ்பெயினில் பெரேரா என்று தேடினால் கட்டலோனியா ஒளிரும். இலங்கையர் குடியேற்றம் என்று அவசரப்பட வேண்டாம். கட்டலான் மொழியிலும் பேரிமரம் பெரேராதான். அது அந்த மண்ணிலேயே பிறந்த தனிப் பெயர். எழுத்தும் அச்சு அசலாக ஒன்றே என்பதால் உலக வரைபடத் தளங்கள் இரண்டையும் ஒரே புள்ளியாகக் குழைத்துவிடுகின்றன. பிரிக்கும் வழி, கூட வரும் பெயர்களைப் பார்ப்பது. பக்கத்தில் இன்னொரு ஸ்பானியக் குடும்பப்பெயர் இருந்தால் கட்டலான் வழி. சிங்களச் சொந்தப் பெயரோ முன்னால் நீளமான குலப்பெயரோ இருந்தால் இலங்கை வழி. இத்தாலியில், முக்கியமாக மிலானிலும் வெரோனாவிலும், பெரேரா என்றால் பெரும்பாலும் இலங்கைதான். கொலம்பியாவைத் தேடும்போது பெரைரா நகரம் குறுக்கே வரும். 1863இல் அமைந்த ஊர், ரிசரால்டாவின் தலைநகர், பெயர் பிரான்சிஸ்கோ பெரைரா மார்ட்டினெஸின் நினைவாக. செய்தித்தாள் தேடலில் இந்த நகரத்தைக் கழிக்காவிட்டால் குப்பைதான் மிஞ்சும்.

இலங்கைக் கிளைதான் அதிக நேரம் எடுக்கிறது, அதிகம் தருவதும் அதுதான். கொழும்பை அடுத்த கோட்டை என்ற அரசின் மன்னன் தர்மபாலன் 1557இல் ஞானஸ்நானம் பெற்றபின் கரையோரத்தில் பிரான்சிஸ்கன் குருமார் ஊர் ஊராக ஞானஸ்நானம் கொடுத்தார்கள். பெற்றவருக்குச் சொந்தப் பெயரோடு குருவின் பெயரோ ஞானத்தந்தையின் பெயரோ குடும்பப்பெயராக வந்தது. ஆகவே பெரேரா என்ற பெயர் போர்த்துக்கீசிய ரத்தத்துக்குச் சாட்சி இல்லை. பதிவேட்டில் பேனா ஓடிய இடத்துக்குத்தான் சாட்சி. பிறகு புத்த சமயத்துக்குத் திரும்பிய குடும்பங்களும் பெயரை விடவில்லை. ‘ஐ’ ஒலி தேய்ந்து நெடில் ‘ஏ’ ஆனதற்கு இலங்கையை மட்டும் காரணம் சொல்ல முடியாது. தெற்குப் போர்ச்சுகலின் பேச்சிலும் அந்த இடத்தில் ‘ஏ’தான் கேட்கும்.

கையில் இருக்கும் முக்கிய ஆவணம் தோம்பு, அதாவது ஆட்களையும் நிலத்தையும் பதிந்த அரசாங்க ஏடு. போர்த்துக்கீசியர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோட்டை அரச நிலங்களுக்குத் தோம்பு எழுதினார்கள். 1656இல் கொழும்பும் 1658இல் யாழ்ப்பாணமும் டச்சுக்காரர் கைக்குப் போயின. 18ஆம் நூற்றாண்டில் அவர்கள் எழுதிய தோம்புகள் கொழும்பு தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தலைத்தோம்பில் ஆட்களும் உறவுமுறையும், நிலத்தோம்பில் காணியும் சேவைக் கடமையும். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். குடும்பப்பெயரைக் கொண்டு இவற்றில் தேடவே முடியாது. அடுக்கு கோறளை, அதற்குள் பற்று, அதற்குள் கிராமம் என்று நிர்வாகப் பிரிவுகளாகவே போகிறது. சல்பிட்டி, ஹேவாகம், சியனே, அளுத்கூரு இவற்றில் எந்தக் கோறளை என்று தெரியாமல் போனால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். மொழி டச்சு, உறவுச் சொற்கள் இருபது இருபத்தைந்தைக் குறித்து வைத்துக்கொண்டால் போதும், மற்றவை அட்டவணை வடிவில்தான் வரும்.

அங்கே குடும்பத்தைக் குடும்பத்திடமிருந்து பிரிப்பது பெரேரா அல்ல, அதற்கு முன்னால் வரும் வாசகம, அதாவது ‘கே’ என்று முடியும் குலப்பெயர். லங்கா சமசமாஜக் கட்சித் தலைவர் என். எம். பெரேராவின் முழுப்பெயர் நாணயக்காரபதிரகே மார்ட்டின் பெரேரா. கிரிக்கெட் வீரர் திசர பெரேராவுக்கு நாரங்கொட லியனாராச்சிலாகே. குசல் பெரேராவுக்கு மதுரகே தொன். அந்த ‘தொன்’ போர்த்துக்கீசிய மரியாதைப் பட்டம், குடும்பப்பெயர் அல்ல, எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது. மூவரும் பெரேரா என்பதால் சொந்தக்காரர்கள் என்று யாரும் இலங்கையில் நினைக்கமாட்டார்கள். வெளிநாட்டு வம்சாவளித் தளங்கள் இந்தக் குலப்பெயரை ‘நடுப்பெயர்’ கட்டத்தில் திணித்துவிடுவதால் வம்ச மரங்கள் தாறுமாறாக ஒட்டிக்கொள்கின்றன. நம் அட்டவணையில் இதற்கென்று தனிப் பத்தி திறந்த பிறகுதான் இரட்டிப்புப் பதிவுகள் கண்ணில் பட்டன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பலர் போர்த்துக்கீசியப் பெயரை உதறிவிட்டுச் சிங்களப் பெயர் சூடினார்கள். ஒரு தலைமுறையில் பெரேரா திடீரென்று மறைந்தால் குடும்பம் அற்றுப்போனது என்று எழுதுவதற்கு முன் வாசகமவைப் பிடித்துக்கொண்டு அடுத்த தலைமுறையைத் தேட வேண்டும்.

தமிழ்நாட்டுக் கரையில் நிலை வேறு. முத்துக்குளித்துறைப் பரதவர் 1530களில் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றபோது வந்த பெயர்களில் பெர்னாண்டோ, கோமஸ், மச்சாடோ, மிராண்டா எல்லாம் உண்டு. பெரைரா அவற்றோடு இருக்கிறது, ஆனால் பெர்னாண்டோவின் பெருக்கம் அதற்கில்லை. வாக்காளர் பட்டியலைக் கொண்டு எண்ணப் போனால் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர் என்றுதான் கட்டங்கள். குடும்பப்பெயருக்குக் கட்டமே கிடையாது. அண்ணன் பெயரோடு பெரைரா இருக்கும், தம்பி தலைப்பெழுத்தோடு நின்றுவிடுவார். ஆகவே இந்தப் பகுதிக்கு லட்சத்துக்கு இத்தனை என்ற எண் போடாமல், இருப்பு உண்டு என்று புள்ளி மட்டும் வைத்திருக்கிறது வரைபடம்.

அமெரிக்கக் கிளை அட்லாண்டிக்கில் இருக்கும் போர்ச்சுகலின் அசோர்ஸ், மதைரா தீவுகளிலிருந்து போனது. மாசசூசெட்ஸில் நியூ பெட்ஃபோர்டின் திமிங்கில வேட்டைக் கப்பல்கள், ஃபால் ரிவரின் பஞ்சாலைகள், 1878 முதல் ஹவாயின் கரும்புத் தோட்டங்கள். அங்கே பெரைரா பெரி ஆனது. ரொட்ரிகஸ் ராஜர்ஸ் ஆனதைப் போலத்தான். பெரி பழைய ஆங்கிலப் பெயரும் என்பதால் 2010 பட்டியலிலிருந்து இவர்களைப் பிரிக்க வழியே இல்லை. 1900 முதல் 1930 வரையிலான கணக்கெடுப்புத் தாள்களில் தந்தை, தாய் பிறந்த நாட்டுக்குக் கட்டங்கள் உண்டு. அங்கே போர்ச்சுகல், அசோர்ஸ், ‘மேற்குத் தீவுகள்’ என்று இருந்தால் பெரைரா கணக்கு. மேற்குத் தீவுகள் என்பது அசோர்ஸுக்கு அக்கால எழுத்தர்கள் வைத்த பெயர், மேற்கிந்தியத் தீவுகள் என்று படித்துவிடக் கூடாது.

மதைராவிலேயே பதிவைத் தேடப் போனால் பெண்களுக்குக் குடும்பப்பெயரே இல்லாமல் மரியா தெ ஜேசுஸ், மரியா த கொன்செய்சாவ் என்று பக்கம் பக்கமாக வரும். குடிமைப் பதிவு 1911இல் கட்டாயமாவதற்கு முந்தைய பங்கு ஏடுகளில் இது சாதாரணம். ஏட்டின் அகரவரிசையும் சொந்தப் பெயரின் முதலெழுத்துப்படிதான் போகும். கணவர் பெயரையும் பங்கையும் குறித்துக்கொண்டு திருமண ஏட்டிலிருந்து பின்னால் போவதே வழி.

இன்னும் தொடாதவை மலாக்காவின் கிறிஸ்தாங் (போர்த்துக்கீசியக் கலப்பு வழியினர்) குடும்பங்களும் கிழக்குத் திமோரும். கினி-பிசாவு, கேப் வெர்டே பத்திகள் பாதியில் நிற்கின்றன. கேப் வெர்டேயின் முதல் ஜனாதிபதி அரிஸ்டிடெஸ் பெரைரா (1923–2011) என்பதால் அந்தப் பெயரில் தேடினாலே செய்திகள் அவரைச் சுற்றியே கொட்டுகின்றன. 1975க்கு முந்தைய பங்கு ஏடுகளிலிருந்து தொடங்கினால்தான் அந்த இரைச்சல் அடங்கும்.