ரங்கூன் தமிழ்ச் சபைகளில் ஞானஸ்நான வகுப்பு எடுப்பவர்களுக்கு: கிருபை முதலில், கிரியை பிறகு

ரங்கூனில் தமிழ்ச் சபைக்கு ஞானஸ்நானம் கேட்டு வருகிறவர் ஒன்றும் தெரியாதவராக வருவதில்லை. அவர் வீட்டில் முனீஸ்வரனுக்கு நேர்ந்துகொண்டது பாக்கி இருக்கும். பங்குனியில் காவடி எடுக்கிற மாமா இருப்பார். பர்மியச் சிநேகிதர்களோடு ஷ்வேடகோன் பகோடாவுக்குப் போய், தான் பிறந்த கிழமைக்குரிய மூலையில் தண்ணீர் ஊற்றிய பழக்கமும் இருக்கும். பர்மியர் ‘குதோ’ என்பதை நம் வீடுகளில் புண்ணியம் என்கிறோம். நல்லது செய்தால் கணக்கில் ஏறும், கெட்டது செய்தால் கழியும். இந்தக் கணக்கை அப்படியே விட்டுவிட்டு அதன்மேல் சுவிசேஷத்தைச் சொன்னால், கேட்பவர் அதை இன்னொரு நேர்த்திக்கடனாகத்தான் எடுத்துக்கொள்வார். ஆலயத்துக்கு வருவதும் காணிக்கை போடுவதும் உபவாசம் இருப்பதும் புதிய கணக்கின் வரவுகளாகிவிடும்.

அதனால் எதைப் போதிக்கிறோம் என்பதோடு எந்த வரிசையில் போதிக்கிறோம் என்பதும் முக்கியம். தேவன் இலவசமாகத் தருகிற கிருபை முதலில், நாம் செய்கிற கிரியை பிறகு. இந்த வரிசை மாறினால் உபதேசமே மாறிவிடும்.

நாம் போதிப்பது இவாஞ்சலிக்கல், அதாவது சுவிசேஷத்தை மையமாகக் கொண்ட, விசுவாசம். இவாஞ்சலிக்கல் என்பது ஒரு தனிச் சபைப்பிரிவின் பெயர் அல்ல. பாப்டிஸ்டு, மெதடிஸ்டு, பெந்தெகொஸ்தே, ஆங்கிலிக்கன் என்று பல சபைகளுக்குள்ளும் இந்த விசுவாசத்தார் இருக்கிறார்கள். 1846ல் லண்டனில் இவர்கள் ஒரு கூட்டமைப்பாகக் கூடினார்கள். 1974ல் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் கூடி, 15 பகுதிகள் கொண்ட உடன்படிக்கை ஒன்றை வெளியிட்டார்கள். வரலாற்றாசிரியர் டேவிட் பெபிங்டன் 1989ல் இவர்களுக்கு நான்கு அடையாளங்கள் சொன்னார்: மனமாற்றம் தேவை என்பது, வேதாகமத்தின் அதிகாரம், சிலுவையை மையமாக வைப்பது, ஊழியத்தில் இறங்கிச் செயல்படுவது. ஆளைக் கண்டுகொள்ள இந்த நான்கும் உதவும். வகுப்பை இவற்றிலிருந்து தொடங்கக்கூடாது என்பது என் எண்ணம். இவற்றுக்கெல்லாம் முன்னால் தேவன் யார், கிறிஸ்து யார் என்பது நிற்கிறது. அது 325ல் நிசேயாவிலும் 451ல் கல்சேதோனிலும் கூடிய சங்கங்களில் திருச்சபை அறிக்கையிட்டது. கத்தோலிக்கரோடும் நமக்கு அது பொதுவானது.

திரியேக தேவனைப் பற்றிப் பேசியதும் நம்மவர்களுக்கு மும்மூர்த்தி நினைவுக்கு வரும். படைக்க ஒருவர், காக்க ஒருவர், அழிக்க ஒருவர் என்ற வேலைப் பங்கீடு அது. நாம் சொல்வது ஒரே தேவன், ஒரே தன்மை, மூன்று ஆள்தத்துவங்கள். இதை விளக்க தண்ணீர், பனிக்கட்டி, நீராவி என்ற உதாரணத்தை எடுக்காதீர்கள். ஒரே ஆள் மூன்று வேஷம் போடுகிறார் என்றுதான் அது சொல்கிறது. மூன்றாம் நூற்றாண்டிலேயே சபை தள்ளிய போதனை அது. ‘இயேசுவின் நாமத்தில் மட்டும்’ ஞானஸ்நானம் கொடுக்கிறவர்களின் போதனையும் அங்கேதான் போய் நிற்கும். உதாரணத்தைவிட மத்தேயு 3:16-17 நல்லது. குமாரன் தண்ணீரிலிருந்து கரையேறுகிறார், ஆவியானவர் இறங்குகிறார், பிதா வானத்திலிருந்து பேசுகிறார். மூவரும் ஒரே நேரத்தில் இருக்கிறார்கள். அதை வாசித்துவிட்டு மத்தேயு 28:19க்குப் போனால் போதும்.

கிறிஸ்துவைப் பற்றிச் சொல்லும்போது அவதாரம் என்ற நினைப்பு குறுக்கே வரும். அவதாரம் யுகத்துக்கு யுகம் வரும், வேலை முடிந்ததும் அந்த உருவத்தை விட்டுப் போகும். வார்த்தையானவர் ஒரேதரம் மாம்சமானார், எடுத்த மனுஷீகத்தை இன்றுவரை விடவில்லை. உயிர்த்தெழுந்தவர் சீஷர்கள் கண்முன் பொரித்த மீன்கண்டத்தை வாங்கிச் சாப்பிட்டார் (லூக்கா 24:42-43). இந்த இடத்தை வகுப்பில் சத்தமாக வாசிக்க வையுங்கள். ஆவியாகத் தோன்றினார் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் அங்கே நிறுத்திக் கேள்வி கேட்பார்கள்.

இனி பாவம். நம்மவர்கள் பாவத்தைச் செய்த தப்புகளின் பட்டியலாகப் பார்ப்பார்கள். வேதம் அதற்கும் கீழே போகிறது. எபேசியர் 2:1 நம்மை அக்கிரமங்களினாலும் பாவங்களினாலும் மரித்தவர்கள் என்கிறது. கணக்கில் பற்றாக்குறை உள்ளவனுக்கு வரவு உதவும், மரித்தவனுக்கு உயிர்தான் வேண்டும். யாக்கோபு 2:10 கணக்குப் புத்தகத்தையே மூடிவிடுகிறது: நியாயப்பிரமாணம் முழுவதையும் கைக்கொண்டும் ஒன்றில் தவறினால் எல்லாவற்றிலும் குற்றவாளி.

இதோடு சேர்ந்தே துன்பத்தைப் பற்றிய கேள்வி வரும். 2025 மார்ச் 28ல் மாண்டலே, சகாய்ங் பக்கம் 7.7 அளவில் பூமி அதிர்ந்தது. இடிபாட்டில் போனவர்களுக்கு அது போன ஜென்மத்து வினையா என்று கேட்பார்கள். சபைக்குள்ளேயும் சிலர் வேறு வார்த்தையில் அதையே சொல்வார்கள், ‘அந்த ஊரின் பாவம்’ என்று. லூக்கா 13:1-5ல் இயேசு இதற்கு நேராகப் பதில் சொல்லியிருக்கிறார். சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேர் எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் அல்ல. கேட்கிற எல்லோரையும் மனந்திரும்பச் சொல்லுகிறார். செத்தவர்மேல் பழி போடவும் அந்த வசனம் இடம் தராது, பிழைத்தவர் நிம்மதியாக உட்காரவும் இடம் தராது.

சிலுவைக்கு இரண்டு வகுப்பாவது ஒதுக்குங்கள். மற்ற எல்லாம் சுருங்கினாலும் இது சுருங்கக்கூடாது. ‘தன் வினை தன்னைச் சுடும்’ என்று வளர்ந்த மனதுக்கும், ‘தனக்குத் தானே சரண்’ என்று கேட்டு வளர்ந்த மனதுக்கும் ஒருவர் பாவத்தை இன்னொருவர் சுமப்பது அநியாயமாகவே படும். அந்தத் தடையைச் சின்னதாக நினைத்துத் தாண்டிப் போகாதீர்கள். அது நியாயமான கேள்வி. சம்பந்தமில்லாத மூன்றாம் ஆளைப் பிடித்து அடித்தால் அநியாயம்தான். சிலுவையில் தொங்கியவர் மூன்றாம் ஆள் அல்ல. நியாயந்தீர்க்க உரிமையுள்ள தேவனே குமாரனில் வந்து தம் தீர்ப்பைத் தாமே ஏற்றார். என் ஜீவனை ஒருவனும் பறிக்கவில்லை, நானே கொடுக்கிறேன் என்கிறார் (யோவான் 10:18). கோபக்காரப் பிதாவைச் சாந்தப்படுத்த இரக்கமுள்ள குமாரன் குறுக்கே வந்தார் என்று பிரசங்கிப்பவர்களும் இருக்கிறார்கள். ரோமர் 5:8 அதைத் திருத்தும், அன்பு பிதாவிடமிருந்தே புறப்படுகிறது.

அவர் பலன் எனக்கு எப்படி வரும் என்பது அடுத்த கேள்வி. ரோமர் 5:12-19ஐ நிதானமாக எடுங்கள். ஆதாமுக்குள் இருந்த எல்லோருக்கும் மரணம் வந்தது, கிறிஸ்துவுக்குள் இருக்கிற எல்லோருக்கும் நீதி வருகிறது. வினை காற்றில் ஒருவரிலிருந்து இன்னொருவருக்குத் தாவுவதில்லை. தலையானவரோடு விசுவாசத்தால் இணைக்கப்படுகிறோம். பிறகு ஏசாயா 53:5-6, 2 கொரிந்தியர் 5:21, ரோமர் 3:25-26. கடைசியாக 1 கொரிந்தியர் 15:17. அவர் எழுந்திருக்கவில்லையென்றால் இதுவரை சொன்னது அத்தனையும் வீண் என்று பவுலே எழுதிவைத்திருக்கிறார்.

இதற்குப் பிறகுதான் நீதிமானாக்கப்படுதல், அதாவது தேவன் ஒருவரை நீதிமான் என்று தீர்ப்பது. நல்லவனான பிறகு தேவன் ஏற்றுக்கொள்கிறார் என்பது உலக வழக்கம். ரோமர் 4:5 தேவனை ‘பாவியை நீதிமானாக்குகிறவர்’ என்கிறது. தீர்ப்பு முதலில் வருகிறது, மாற்றம் பின்னால் வருகிறது. நம் நாட்டிலேயே இதற்கு ஆள் இருக்கிறார். கரேன் மக்களில் முதல் சுவிசேஷகரான கோ தா பியூ, கொலையும் கொள்ளையும் செய்து, கடைசியில் கடனுக்கு அடிமையாய்ப் போனவர். வேறொருவர் கடனைக் கட்டி அவரை மீட்டார். 1828ல் தவாயில் ஞானஸ்நானம் பெற்று, 1840ல் சாகும்வரை மலைக்கிராமங்களில் நடந்து நடந்து பிரசங்கித்தார். அந்தப் பன்னிரண்டு வருஷ உழைப்பு பழைய கொலைகளுக்கு ஈடு அல்ல. ஈடு வேறொருவர் கட்டியாகிவிட்டது.

எபேசியர் 2:8-10ஐ மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள், மூன்று வசனமும் சேர்த்து. பலர் ஒன்பதோடு நிறுத்திவிடுவார்கள். எட்டில் ‘இது உங்களால் உண்டானதல்ல’ என்றும், ஒன்பதில் ‘இது கிரியைகளினால் உண்டானதல்ல’ என்றும் வருகிறது. பத்தில் நற்கிரியைகளைச் செய்வதற்காகவே சிருஷ்டிக்கப்பட்டோம் என்று வருகிறது. பத்தை விட்டால் ‘எப்படியும் வாழலாம்’ என்ற சோம்பல் வரும். பத்தை முன்னால் வைத்தால் புண்ணியக் கணக்கு திரும்பி வரும்.

புரிந்ததா என்று பார்க்க ஒரு கேள்வி போதும்: ஞானஸ்நானம் எடுக்க முன்னால் ஒரு விசுவாசி இறந்துபோனால் அவர் கதி என்ன? ‘போச்சு’ என்று பதில் வந்தால் தண்ணீரைப் புண்ணியமாக்கிவிட்டார் என்று அர்த்தம். லூக்கா 23:43ல் இயேசுவோடு சிலுவையில் தொங்கி, ஞானஸ்நானம் இல்லாமலே பரதீசு வாக்குப் பெற்ற கள்ளனைக் காட்டி, மறுபடி சிலுவைப் பாடத்துக்குப் போங்கள். தேதியைத் தள்ளிவைக்கத் தயங்க வேண்டாம்.

மறுபடியும் பிறத்தலை அடுத்த ஜென்மமாக எடுத்துக்கொள்வது நம் ஊரில் சகஜம். இயேசுவிடம் கேட்க வந்த நிக்கொதேமுவே தாயின் கர்ப்பத்தில் மறுபடி நுழைவதா என்றுதான் கேட்டான். யோவான் 3:3-8ஐயும் எபிரெயர் 9:27ஐயும் ஒரே நாளில் படியுங்கள். மரிப்பது ஒரேதரம், அதற்குப்பின் நியாயத்தீர்ப்பு. புதிய பிறப்பு இந்த உயிரோடு இருக்கும்போதே ஆவியானவர் செய்வது. கூட்டத்தில் கை தூக்கியதும் சொல்லிக்கொடுத்த ஜெபத்தைத் திருப்பிச் சொன்னதும் மறுபிறப்புக்கு அத்தாட்சி ஆகாது. மந்திரம் சொல்லிப் பழகிய இடத்தில் அந்த ஜெபமும் மந்திரமாகிவிடும். மனந்திரும்புதலும் விசுவாசமும் இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும் (அப்போஸ்தலர் 20:21). பூஜை அலமாரியில் மற்றப் படங்களோடு இயேசு படத்தையும் சேர்த்தவர் இன்னும் திரும்பவில்லை.

வீட்டாரோடு எப்படி நடப்பது என்று சொல்லிக்கொடுக்காமல் யாரையும் தண்ணீரில் இறக்காதீர்கள். அம்மாவின் சாமிப் படத்தை எடுத்து எறிவது விசுவாசம் ஆகாது. படையல் சோற்றுக்கு 1 கொரிந்தியர் 10:25-28 தெளிவான வழி தருகிறது. முன்னால் வைத்ததை ஒன்றும் விசாரிக்காமல் சாப்பிடலாம். ‘இது படைத்தது’ என்று ஒருவர் சொன்னால், சொன்னவருக்காக மரியாதையோடு வேண்டாம் என்று விடலாம். படைக்கிற சடங்கில் கூட நின்று கும்பிடுவது வேறு, அதற்கு 20, 21ஆம் வசனங்கள் இடம் தரவில்லை.

ஞானஸ்நான விஷயத்தில் இவாஞ்சலிக்கல்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. மெதடிஸ்டும் ஆங்கிலிக்கனும் குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள். பர்மாவில் விசுவாசிகளின் ஞானஸ்நானம் வேரூன்றியதற்கு அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் ஒரு காரணம். 1812ல் இந்தியாவுக்குக் கப்பலில் வரும்போது புதிய ஏற்பாட்டை ஆராய்ந்து மனம் மாறி, அந்த வருஷமே கல்கத்தாவில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தார். அனுப்பிய சங்கத்தின் ஆதரவை அதற்காக விட்டார். 1813ல் ரங்கூனில் இறங்கியவருக்கு முதல் விசுவாசி கிடைத்தது 1819 ஜூன் 27ல்தான். மௌங் நாவ் என்ற அவர் புத்தர் சிலை ஒன்றின் பக்கத்திலிருந்த குளத்தில் முழுக்கு எடுத்தார். ஆறு வருஷக் காத்திருப்பு. ஆளைச் சேர்க்க அவசரப்படுகிறவர்கள் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

முழுக்குக் கொடுக்கும் சபைகளுக்குச் சில குறிப்புகள். தண்ணீர் இடுப்புக்குமேல் இருக்க வேண்டும். முழங்கால் அளவில் ஆளைச் சாய்த்தால் கொடுப்பவருக்கு முதுகு பிடிக்கும், எடுப்பவருக்குத் தலை இடிக்கும். கைலி போல உடுக்கிற லோஞ்சி தண்ணீரில் மிதந்து முடிச்சு அவிழும், உள்ளே அரைக்கால்சட்டை போட்டு இடுப்பில் கயிறு கட்டச் சொல்லுங்கள். பெண்களுக்கு மெல்லிய வெள்ளைத் துணி வேண்டாம், நனைந்தால் சங்கடம். ஒரு கையால் கைக்குட்டையோடு மூக்கைப் பிடிக்க, மறுகையால் அந்த மணிக்கட்டைப் பிடிக்கப் பழக்குங்கள். முதுகுக்குப் பின்னால் ஒருவர், பக்கத்தில் ஒருவர் என இரண்டு பேர் நிற்க வேண்டும். அறிக்கையைத் தண்ணீருக்குள் வைத்துக் கேட்காமல் சபை முன்னால் முதலிலேயே கேட்டுவிடுங்கள், குளிரில் பதில் வாயில் வராது.

இரண்டாம் வருகைக்கு ஒரு வகுப்பு போதும். கிறிஸ்து எல்லோரும் காண வருவார், மரித்தோர் சரீரத்தோடு எழுவார்கள், நியாயத்தீர்ப்பு உண்டு, இதில் எல்லோரும் ஒன்று. ஆயிர வருஷ ஆட்சி, உபத்திரவ காலம் இவற்றின் வரிசையில் நல்ல விசுவாசிகளே வேறுபடுகிறார்கள். தேதி குறிப்பவரை மாற்கு 13:32ஐக் காட்டி நிறுத்துங்கள். விசுவாசித்தால் கடையும் வியாபாரமும் பெருகும் என்கிற போதனையையும் இதே இடத்தில் தள்ளிவிடுங்கள், அது புண்ணியக் கணக்குக்குக் கிறிஸ்தவச் சட்டை மாட்டியது.

வேதாகமம் பற்றித் தனி வகுப்பு வேண்டாம், ஒவ்வொரு வகுப்பிலும் அது கையில் இருக்கட்டும். 66 புத்தகங்கள், விசுவாசத்துக்கும் நடத்தைக்கும் இறுதி அதிகாரம் அதுவே. ஜட்சன் 1824ல் ஆவா சிறையில் கிடந்தபோது, அவர் மொழிபெயர்த்த கையெழுத்துப் பிரதி தலையணைக்குள் தைத்து ஒளிக்கப்பட்டிருந்தது. அது தப்பியது, 1834ல் முழு பர்மிய வேதாகமமும் முடிந்தது. நம் பிள்ளைகள் பலருக்குத் தமிழைவிட பர்மிய எழுத்து சுலபமாக வரும். பழைய தமிழ் வேதாகம நடையில் தடுமாறுகிறவருக்கு ஜட்சன் பர்மிய வேதாகமத்தைப் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். முழுக்கு எடுத்த மறுநாளிலிருந்து மாற்கு சுவிசேஷம், நாளுக்கு ஓர் அதிகாரம், 16 நாள். அது முடிந்ததும் ரோமர், அதுவும் 16 அதிகாரம். மூன்றாம், நான்காம் அதிகாரங்களில் மட்டும் இரண்டு நாள் நிற்கட்டும், கூட உட்கார்ந்து படிக்க ஒரு மூத்த விசுவாசியை முன்கூட்டியே பேசிவையுங்கள்.