ரங்கூன் ஸ்ட்ராண்ட்: ஆற்றங்கரை விடுதியும் ஐயா இறங்கிய துறைமுகமும்

என் அப்பாவைப் பெற்ற ஐயா, பதினான்கு வயதில், வட்டிக்கடையில் எடுபிடி வேலை பார்க்கும் பெட்டியடிப் பையனாகச் சென்னையில் கப்பலேறி பர்மாவின் ரங்கூனுக்குப் போனவர். அந்த ஊரைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் இரண்டு கட்டடங்களைச் சொல்லாமல் எழுந்திருக்க மாட்டார். ஒன்று மொகல் தெருவில் அவர் வேலை பார்த்து, படுத்து எழுந்த கிட்டங்கி என்னும் வட்டிக்கடைக் கூடம். மற்றொன்று அவர் ஒருநாளும் உள்ளே காலெடுத்து வைத்திராத ஸ்ட்ராண்ட் ஹோட்டல். 2018 ஆம் ஆண்டு, இப்போது யாங்கோன் எனப்படும் அந்த ரங்கூனுக்குப் போக வாய்த்தபோது, பெட்டியை அறையில் வைத்த கையோடு நான் நடந்து போனது அந்த விடுதிக்குத்தான்.

1852 ஆம் ஆண்டுப் போரில் ரங்கூனைப் பிடித்த ஆங்கிலேயர், சூலே பகோடா என்ற புத்தக் கோயிலை நடுவில் வைத்து, சதுரங்கக் கட்டம்போல் புதிய நகரத்தை வகுத்தார்கள். அதன் தெற்கு எல்லையாக ஆற்றை ஒட்டி ஓடுவதே ஸ்ட்ராண்ட் சாலை. கடல் அங்கிருந்து ஏறத்தாழ 20 மைல் தள்ளியிருந்தாலும், கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஏற்ப அந்தச் செந்நிற ஆறு ஏறி இறங்கும். அரிசியும் தேக்கும் அந்த நீர்வழியேதான் உலகத்துக்குப் போயின. சுங்க அலுவலகம், துறைமுக அலுவலகம், அரிசி வணிகத்தில் கொழித்த புல்லக் பிரதர்ஸ் நிறுவனத்தின் மாளிகை (இன்று அது தலைமை அஞ்சலகம்) என வரிசையாக எழுந்த கட்டடங்களுக்கிடையே, 1901 ஆம் ஆண்டு ஸ்ட்ராண்ட் ஹோட்டல் திறக்கப்பட்டது.

அதை நடத்தியவர்கள் பாரசீகத்தின் இஸ்ஃபகான் நகரிலிருந்து கிளம்பி வந்த ஆர்மீனியர்களான சார்க்கிஸ் சகோதரர்கள். பினாங்கின் ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல், சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் ஆகியவையும் அவர்கள் கைவண்ணமே. நீராவிக் கப்பலில் வரும் பயணி, எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் தனக்குப் பழகிய படுக்கையும் சாப்பாடும் காத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பான் என்பதை அவர்கள் நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள். அங்கே தங்கியவர்களின் பட்டியலில் ருட்யார்ட் கிப்ளிங் பெயரையும் சிலர் சேர்த்துவிடுகிறார்கள். அவர் ரங்கூனுக்கு வந்துபோன 1889 ஆம் ஆண்டில் இந்த விடுதி எழும்பவே இல்லை. இத்தகைய இரவல் பெருமை அந்தக் கட்டடத்துக்குத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

ஐயா சொன்ன கதையில் அந்த விடுதிக்கு வேறொரு முகம் இருந்தது. வெள்ளைக்காரருக்கென்றே நடந்த அங்கே, இரண்டாம் உலகப் போர் முடியும்வரை பர்மியருக்கே இடமில்லை என்றால், கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்துப் பயணம் செய்து வந்திறங்கிய நம்மவர்களைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை. 1931 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ரங்கூனில் வாழ்ந்த 4 லட்சம் பேரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்தியர்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தெலுங்கர்கள், ஆலைகளில் உழைத்த தமிழர்கள், நெல் விவசாயிக்குக் கடன் கொடுத்த நகரத்தார் என எல்லாரும் அந்த ஆற்றங்கரையில்தான் இறங்கினார்கள். கிட்டங்கி என்பது ஒரே நீளக்கூடம். அதில் பல மார்க்காக்காரர்கள், அதாவது தனித்தனி வட்டிக்கடைக்காரர்கள், ஆளுக்கொரு பெட்டியும் மேசையும் போட்டுத் தொழில் நடத்துவார்கள். இரவில் அதே தரையில் படுக்கை. மூன்று வருடக் கணக்கு முடித்தால்தான் ஊருக்குத் திரும்பலாம். மாலையில் காற்று வாங்க ஆற்றங்கரைக்குப் போகும் ஐயா, விடுதியின் வாசலில் வந்து நிற்கும் மோட்டார் வண்டிகளை எண்ணிக்கொண்டு நிற்பாராம்.

1941 டிசம்பரில் குண்டு விழுந்தது. ஐயா எப்படியோ நடந்தே ஊர் வந்து சேர்ந்தார். அந்த நடையைப் பற்றி மட்டும் அவர் பேசியதில்லை. ஜப்பானியர் கையில் விடுதி யமாட்டோ ஹோட்டல் என்ற பெயரில் நடந்தது. விடுதலைக்குப் பின் 1963 ஆம் ஆண்டு அரசு வசமாகி, பராமரிப்பின்றி நலிந்து, பெரும் சீரமைப்புக்குப் பிறகு 1993 ஆம் ஆண்டு மீண்டும் திறக்கப்பட்டது.

நான் போன அன்று, தூண்கள் நிறைந்த வெள்ளை முகப்பைக் கடந்து உள்ளே நுழைந்ததும், வெளியே வறுத்தெடுத்த வெயில் சட்டென்று விலகியது. உயரமான கூரையிலிருந்து நீண்ட தண்டில் தொங்கிய மின்விசிறி மெதுவாகச் சுழன்றது. என் கை பட்ட தேக்குக் கைப்பிடி, பல கைகள் தடவித் தடவி விளிம்பு மழுங்கி, எங்கள் ஊர் வீட்டு மாடிப்படிக் கைப்பிடியைப் போலவே வழவழவென்றிருந்தது. அதுவும் பர்மாத் தேக்குதான். பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு தேநீர் வாங்கிக் குடித்தேன். பரிமாறிய இளைஞர் இரு கைகளாலும் கோப்பையை வைத்து, எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். தாத்தா இங்கே வேலை பார்த்தவர் என்றதும், இந்த விடுதியிலா என்று கேட்டார். இல்லை, வெளியே என்று மட்டுமே என்னால் சொல்ல முடிந்தது.

ஆற்றங்கரை விடுதி என்று பெயரே தவிர, கீழ்த்தளத்திலிருந்து ஆறு கண்ணில் படாது. அகலமான சாலையும் துறைமுகக் கிடங்குகளும் குறுக்கே நிற்கின்றன. ஆகவே பன்சோடான் துறையில் சீட்டு வாங்கி, எதிர்க்கரையிலுள்ள தலா ஊருக்குப் போகும் படகில் ஏறினேன். காடை முட்டையும் வெற்றிலையும் விற்பவர்களுக்கிடையே பின்பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். படகு நடு ஆற்றுக்கு வந்தபோது, கிடங்குக் கூரைகளுக்கு மேலே விடுதியின் மேல்மாடி மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. ஐயா முதன்முதலில் பார்த்ததும் தண்ணீரிலிருந்துதான்.