போல்ட்டனா, பால்மரா? ஒரு ரக்பி கேப்டனின் போர்க்காலப் பதிவுகளைத் தேடியபோது

முதல் இடறல் பெயரில்தான். இங்கிலாந்துக்கு 17 ரக்பி ஆட்டங்கள் ஆடி, முதல் உலகப் போரில் மாண்ட ரொனால்ட் போல்ட்டன், பிஸ்கட் நிறுவனக் குடும்பத்துத் தாய்மாமனின் சொத்துக்கு வாரிசானதும் 1914இல் ‘பால்மர்’ என்பதையும் சேர்த்துக்கொண்டார். 1909 ஆக்ஸ்போர்டு–கேம்பிரிட்ஜ் ஆட்டத்தில் அவர் வைத்த 5 ட்ரைகளைப் (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துப் பெறும் புள்ளிகள்) பழைய நாளிதழில் பார்க்க ‘போல்ட்டன்’ என்று தேட வேண்டும். ராணுவப் பதிவுக்கோ போல்ட்டன், பால்மர், இரண்டும் சேர்ந்தது, நடுவில் கோடு போட்டது என நான்கு விதமாகவும் போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

அடுத்தது லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகம். அதிகாரி என்றாலே பலரும் டபிள்யூ.ஓ. (வார் ஆபீஸ், அதாவது போர் அலுவலகம்) 339 என்ற கோப்பு வரிசைக்குப் போய்விடுகிறார்கள். இவர் டெரிடோரியல் படைக்காரர் (பகுதிநேரத் தன்னார்வப் படை), அவர்களுக்கு டபிள்யூ.ஓ. 374. கோப்பு மெலிந்திருந்தால் ஏமாற வேண்டாம்: முதன்மைக் கோப்புகள் 1940 குண்டுவீச்சில் எரிந்துவிட்டன; எஞ்சியவை பெரும்பாலும் கடிதப் போக்குவரத்துதான். நேரில் போக முடியாதவர்கள் பணம் கட்டி நகல் கேட்கலாம். பதக்க அட்டை கிடைக்காவிட்டால் ‘போருக்கே போகவில்லை’ என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அதிகாரிகள் தாங்களே விண்ணப்பித்துத்தான் பதக்கம் வாங்க வேண்டும்.

உண்மையான சரக்கு பட்டாலியன் நாட்குறிப்பில் இருக்கிறது. அது டபிள்யூ.ஓ. 95. எடுக்க வேண்டியது அவருடைய ரெஜிமென்ட்டான ராயல் பெர்க்‌ஷயர் 1/4 (4ஆம் பட்டாலியனின் முதல் அணி), 2/4 (இரண்டாம் அணி) அல்ல. 2/4 பிரான்சுக்குப் போனதே 1916இல். 48ஆம் டிவிஷன் என்ற தலைப்பின்கீழ் பாருங்கள். அந்த எண் 1915 மே மாதத்தில்தான் வந்தது, அதற்கு முன் ‘சவுத் மிட்லண்ட் டிவிஷன்’. லெப்டினன்ட் பால்மர் பதுங்குகுழி வேலையை மேற்பார்த்துக்கொண்டிருந்தபோது ஸ்னைப்பர் குண்டுக்குப் பலியானது மே 5, நள்ளிரவு தாண்டியதும். ஆகவே மே 4, மே 5 இரண்டு பதிவுகளையும் படிக்க வேண்டும். ஒன்றை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான்.

கல்லறை பெல்ஜியத்தின் ப்ளூக்ஸ்டீர்ட்டில். சிப்பாய்கள் வாயில் ‘ப்ளக் ஸ்ட்ரீட்’. அங்கே ‘பெர்க்ஸ்’ (பெர்க்‌ஷயரின் சுருக்கம்) என்ற பெயரில் எதிரெதிரே இரண்டு மயானங்கள். பெரிய தூண்மண்டப நினைவகம் இருக்கும் பக்கம் கண் போகும். அது பெர்க்ஸ் நீட்சி மயானம், அங்கே அவர் இல்லை. சாலையைக் கடந்து, அவருடைய பட்டாலியனே 1915 ஏப்ரலில் தொடங்கிய சிறிய ஹைட் பார்க் கார்னர் மயானத்துக்குள் போங்கள்.