அம்மா போய்ட்டாங்க ஆன்ட்டி

வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்கு சிங்கப்பூர் யீஷூனில் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். 11 வருஷமாக நடக்கிறது. பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். பாட்டு, வேதவாசிப்பு, ஜெபக் குறிப்புகள், அப்புறம் வடையும் டீயும். நடத்துவது நான்தான். யார் என்ன கஷ்டம் சொன்னாலும் அதற்கு ஒரு வசனம் கையில் வைத்திருப்பேன். கடன் என்றால் ஒன்று, மாமியார் என்றால் ஒன்று. அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் என் விரல் அந்தப் பக்கத்தைத் திறந்துவிடும். அதை நான் ஞானம் என்றுதான் நினைத்திருந்தேன்.

போன வருஷம் ஒரு தம்பி சேர்ந்தான். பரமக்குடி பக்கம் கிராமம், செம்பவாங்கில் கப்பல் பட்டறை வேலை, தங்குவது விடுதியில். கதவோரமாக உட்காருவான், பேசமாட்டான். ஒரு வாரம் மட்டும், அம்மாவை மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் சொன்னான். நோட்டில் எழுதிக்கொண்டேன்: 'தம்பியின் அம்மா – சுகம்.'

அடுத்த வாரம் கூட்டம் முடிந்து எல்லோரும் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். நான் மிஞ்சிய வடையைப் பையில் கட்டிக்கொண்டிருந்தேன். அவன் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான்: "அம்மா போய்ட்டாங்க ஆன்ட்டி."

"ஸ்தோத்திரம் தம்பி! கர்த்தர் பெரியவர்!" என்று சொல்லி வடைப் பையை அவன் கையில் கொடுத்தேன். வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்று எடுத்துக்கொண்டேன். இத்தனைக்கும் நான் வார்டு வார்டாக வேலை பார்த்து ஓய்வுபெற்ற தாதி. அந்தச் சொல்லை எத்தனை குரலில், எத்தனை முகத்தோடு கேட்டிருப்பேன்! அன்றைக்கு நான் அவன் முகத்தையே பார்க்கவில்லை. வடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி ஆன்ட்டி," என்று மின்தூக்கிக்குள் போய்விட்டான்.

அதற்கப்புறம் ஆறு வாரம், அந்த அம்மாவைச் சுகமாக்கியதற்காக நன்றி சொல்லி, முழு பெலன் தரும்படி ஜெபித்தோம். அவனும் ஆமென் சொன்னான்.

இது எப்படி வெளியே வந்தது என்பதற்கு என் பழைய தோழி ஒருத்தியைப் பற்றிச் சொல்லவேண்டும். என்னோடு வேலை பார்த்தவள், கத்தோலிக்கப் பெண். தமிழ்க் கத்தோலிக்கருக்காக 1888-ல் திறந்த ஓஃபிர் ரோடு லூர்து மாதா கோயில்தான் அவளுக்கு எல்லாம். அவள் செபம் என்பாள், நான் ஜெபம் என்பேன். அந்த ஒரு எழுத்தை வைத்தே முப்பது வருஷம் கேலி பண்ணியிருக்கிறோம். என் கூட்டத்துக்கு ஒருநாள் வந்துவிட்டுப் போகும்போது, "எல்லாம் நல்லா இருந்துச்சுடி. ஆனா கடவுளுக்குத்தான் வாயைத் திறக்க நேரமே கிடைக்கல," என்றாள். எனக்குச் சுருக்கென்றது. இரண்டு நாள் போன் எடுக்கவில்லை.

பிறகு அவளேதான் மௌனமாக வேதம் வாசிக்கும் ஒரு முறையைச் சொல்லிக்கொடுத்தாள். லெக்சியோ டிவினா என்று பெயர். மடங்களில் பழங்காலம் முதல் இருக்கும் வாசிப்பு முறை. 12-ம் நூற்றாண்டில் பிரான்ஸ் மலைகளில் இருந்த கீகோ என்ற துறவி அதை நான்கு படி வைத்த ஏணியாக எழுதிவைத்தார். வாசிப்பது, அசைபோடுவது, ஜெபிப்பது, கடைசியில் ஒன்றும் செய்யாமல் கடவுள் முன்னால் இருப்பது. நாங்கள் செய்தது எளிது. ஒரு பகுதியை மூன்று தடவை மெதுவாக வாசிப்போம், நடுவில் இரண்டிரண்டு நிமிஷம் மௌனம். மனசைப் பிடித்த ஒரு சொல்லை மட்டும் அவரவர் சொல்லலாம். விளக்கம் கூடாது, புத்திமதி கூடாது. "நமக்கெதுக்கு இந்த மடத்துப் பழக்கம்?" என்று எங்கள் சபையில் ஒரு பெரியவர் முகம் சுளித்தார். நானும் அரைமனசோடுதான் தொடங்கினேன்.

இரண்டு நிமிஷம் என்பது எவ்வளவு நீளம் தெரியுமா! ஃபிரிட்ஜ் உறுமும். வடக்கு-தெற்குப் பாதையில் எம்ஆர்டி ரயில் போகிற சத்தம் ஒன்பதாவது மாடிவரை வரும். மேல்வீட்டில் கோலிக்குண்டு உருளும். (வீவக என்கிற அரசாங்க அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தக் கோலிக்குண்டு மர்மம் தெரியும். மேல்வீட்டில் குழந்தையே இல்லை.) எனக்கோ மனசுக்குள் டீத்தூள் இருக்கிறதா, பால் போதுமா என்று ஓடும்.

அன்றைக்கு யோவான் 11, லாசருவின் மரணம். இரண்டாம் வாசிப்பு முடிந்தது. ஒருவர் 'கல்' என்றார், ஒரு அக்கா 'நாலுநாள்' என்றார். கதவோரத்திலிருந்து அவன் குரல்: "இங்கேயிருந்தீரானால்."

'ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்.' லாசருவின் சகோதரி மார்த்தாளும் இயேசுவிடம் இதைச் சொல்வாள், இன்னொரு சகோதரி மரியாளும் அதையேதான் சொல்வாள்.

வழக்கமாக இந்த இடத்தில் என்னிடம் நல்ல விளக்கம் ஒன்று உண்டு. ஆனால் விதி இருந்ததே, வாயை மூடிக்கொண்டேன். மௌனம் நீண்டது. "நான் அங்க இல்ல," என்றான். "அடக்கத்தை வீடியோ கால்லதான் பாத்தேன். விடுதி மாடிப்படியில உக்காந்து. பாதியில லைன் கட்டாயிடுச்சு."

யாரும் அசையவில்லை. எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. வடைப் பை, ஸ்தோத்திரம், ஆறு வாரம். எல்லாம் ஒன்றாக வந்து நெஞ்சில் உட்கார்ந்தது.

எல்லோரும் போனபிறகு மன்னிப்புக் கேட்டேன். ஏன் தம்பி திருத்தவில்லை என்றும் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "நீங்க அவ்வளவு சந்தோஷமா சொன்னீங்க ஆன்ட்டி. அப்புறம் வாராவாரம் அம்மா உயிரோட இருக்கிற மாதிரியே ஜெபிச்சீங்க. அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு."

அன்று தூக்கம் வரவில்லை. யாக்கோபு நிருபத்தின் முதல் அதிகாரத்தை எடுத்தேன். ஞானத்தில் குறைவுள்ளவன் தேவனிடத்தில் 'கேட்கக்கடவன்' என்று ஐந்தாம் வசனம். 'கேட்கிறதற்குத் தீவிரமாயும், பேசுகிறதற்குப் பொறுமையாயும்' என்று பத்தொன்பதாம் வசனம். எத்தனையோ தடவை பிரசங்கித்த அதிகாரம். கிரேக்கத்தில் இரண்டும் வேறு வேறு சொல். தமிழில் இரண்டுக்கும் ஒரே கேள்தான். நான் ஆயுசு முழுக்க முதல் கேட்டலை மட்டும் செய்துகொண்டிருந்திருக்கிறேன். கொடும், தாரும், ஆசீர்வதியும். பதில் வரும்போது நான் அடுத்த விண்ணப்பத்தில் இருந்திருப்பேன்.

தோழியிடம் சொன்னபோது அவள் கேலி செய்யவில்லை. ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் மடத்துக்கு எழுதிய ஒழுங்குமுறையின் முதல் சொல்லே 'கேள்' என்பதுதான் என்றாள். முக்கியமான விஷயம் என்றால் மடத்தில் எல்லோரையும் கூப்பிட்டுக் கேட்கவேண்டும், ஏனென்றால் ஆண்டவர் பலமுறை இளையவனுக்கே நல்லதைக் காட்டுகிறார் என்றும் அதில் இருக்கிறதாம். கதவோரம் உட்காருபவனிடமும் கேட்கவேண்டும் என்று நான் சேர்த்துக்கொண்டேன்.

நான் மாறிவிட்டேன் என்று சாட்சி சொல்லும் நிலையில் இல்லை. போன மாதம்கூடச் சபைக் கமிட்டியில் இரண்டு பேரை இடைமறித்தேன். ஒரே ஒரு பழக்கம் வந்திருக்கிறது. ஜெபக் குறிப்பை எழுதியதும் அவர்களிடமே படித்துக் காட்டுகிறேன்: "நான் எழுதினது சரிதானா?" பாதி நேரம் சரியில்லை. மகனுக்கு வேலை என்று நான் எழுதியிருப்பேன். அவர் சொன்னது மகன் பேசுவதில்லை என்பதை.

போன வெள்ளி தம்பியைச் சீக்கிரமே வரச்சொன்னேன். அவன் அம்மா அயிரை மீன் குழம்பு வைப்பார்களாம். இங்கே அயிரைக்கு எங்கே போவது! தேக்கா சந்தையில் நெத்திலி வாங்கி, மண்சட்டியில் புளியைத் தூக்கலாக விட்டு வைத்தேன். அவன் சோற்றில் பிசைந்து ஒரு வாய் வைத்தான். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் சிரித்துவிட்டான்.

"அம்மா வைக்கிற மாதிரி இல்ல ஆன்ட்டி."

நெத்திலிக்கும் அயிரைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றி என் நாக்கு நுனியில் ஒரு பிரசங்கமே இருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, நாற்காலியை இழுத்து அவனுக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"அம்மா எப்படி வைப்பாங்க?" என்று கேட்டேன்.